டிரெய்லரின் தாங்குகால்: பழுதும் சீரமைப்பும்

நம் கிராமங்களில் மாட்டு வண்டி அருகிப் போய், அதன் இடத்தை டிராக்டரும் அதன் பின்னால் பூட்டப்படும் டிரெய்லரும் பிடித்துக்கொண்டு விட்டன. எரு அடிப்பதும், கரும்பு ஏற்றுவதும், நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு செல்வதும் டிரெய்லராலேயே நடைபெறுகின்றன. கோடைக் காலத்தில் குடிநீர்த் தொட்டி பொருத்திய டிரெய்லரைத் தெருத் தெருவாக அனுப்பும் பஞ்சாயத்துக்களும் பல உண்டு. டிராக்டரின் என்ஜினுக்கு எண்ணெய் மாற்றுவதில் நம் விவசாயிகள் காட்டும் அக்கறை போற்றத்தக்கது. டயரின் காற்றையும் கவனிக்கிறார்கள். ஆனால் டிரெய்லரின் முன்புறத்தில், இழுகோலுக்கு அடியில் நிற்கும் ஒற்றைக் காலை ஏறிட்டுப் பார்ப்பவர் வெகு சிலரே. பட்டறைகளில் இதனை ஸ்டாண்டு என்றும் ஜாக்கி என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் இதனைத் தாங்குகால் என்றே குறிப்பிடுவோம்.

மாட்டை அவிழ்த்தவுடன் வண்டியின் ஏர்க்கால் நிலத்தில் சாயாதிருக்கும் பொருட்டு ஒரு முட்டுக்கட்டையைக் கொடுத்து நிறுத்துவது நம் பெரியோர் வழக்கம். தாங்குகால் செய்வதும் அதே வேலைதான். எனினும் பளுவில் பெரும் வேறுபாடு உண்டு. முட்டுக்கட்டை நழுவினால் ஏர்க்கால் தரையில் இடிக்கும், அவ்வளவே. தாங்குகால் மடங்கினால் அதனருகே நிற்பவருடைய கால் நசுங்கும். அடியில் இருப்பவருடைய உயிரே போய்விடலாம். கதிரறுப்புக் காலத்தில் நண்பகல் வெயிலுக்கு ஒதுங்குவோர் டிரெய்லரின் நிழலில் படுத்துறங்குவதை நாம் எங்கும் காண்கிறோம். குடிநீர் டிரெய்லரின் கீழ் சிறுவர்கள் கோலி விளையாடுவதையும் காண்கிறோம். அவர்கள் தலைக்கு மேல் நிற்கும் பளுவைத் தாங்குவது ஒரு குழாயும் ஓர் ஆணியுமே என்பதை நினைவிற் கொண்டால், இதன் பழுதை நீக்குதல் எத்துணை அவசியம் என்பது விளங்கும்.

தாங்குகால் ஏற்கும் பளு

இரு சக்கர டிரெய்லரில் அச்சானது பெட்டியின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் அமைக்கப்படுகிறது. ஆகையால் பாரத்தின் பெரும்பகுதியை அச்சும், எஞ்சியதை டிராக்டரின் கொக்கியும் ஏற்கின்றன. டிராக்டரைக் கழற்றியவுடன் கொக்கி ஏற்ற பங்கு தாங்குகாலின் மீது வந்து சேர்கிறது. இதனை எளிய கணக்கால் அறியலாம். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 3000 கிலோ எடை எனவும், அந்த எடையின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது எனவும், தாங்குகால் அச்சுக்கு 270 சென்டிமீட்டர் முன்னால் உள்ளது எனவும் கொள்வோம். 3000ஐ 30ஆல் பெருக்கி 270ஆல் வகுத்தால் ஏறக்குறைய 333 கிலோ வருகிறது. அதே சரக்கை முன்பக்கமாகக் குவித்து, மையத்தை 60 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்து விட்டால் தாங்குகாலின் பங்கு 667 கிலோவாகிறது. ஒரு மூட்டையேனும் கூடுதலாக ஏற்றவில்லை. எனினும் காலுக்குச் சுமை இரு மடங்காயிற்று!

இதற்கு மறுபுறமும் உண்டு. முன்னால் உள்ள மூட்டைகளை முதலில் இறக்கிவிட்டு, பின்னால் இருப்பவற்றை அப்படியே வைத்திருந்தால் எடையின் மையம் அச்சுக்குப் பின்னால் சென்றுவிடும். அந்நிலையில் டிராக்டரைக் கழற்றினால் இழுகோல் வானை நோக்கி எகிறும். கொக்கியின் ஆணியை உருவக் குனிந்து நிற்பவரின் முகவாயை அது தாக்கும். முன்புறத் தாங்குகால் இதற்கு ஒரு சிறிதும் உதவாது. இதனைத் தடுக்கவே சில டிரெய்லர்களில் பின்புறத்து இரு மூலைகளிலும் சிறு கால்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவை இல்லாத டிரெய்லரில் பின்சட்டத்துக்கு அடியில் உறுதியான கட்டைகளை முட்டுக் கொடுத்த பின்னரே டிராக்டரைக் கழற்ற வேண்டும். சரக்கைப் பின்னாலிருந்து இறக்கத் தொடங்கினால் இச்சங்கடம் நேராது.

ஈண்டு மற்றொன்றும் கூற வேண்டும். பின்மூலைக் கால்கள் டிரெய்லரை அசையாமல் நிறுத்துவதற்கு ஏற்பட்டவை. அதனைத் தூக்குவதற்கு ஏற்பட்டவை அல்ல. சக்கரம் பஞ்சரானால் இக்கால்களையே திருகி டயரைத் தரையிலிருந்து எழுப்பிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அச்சு ஏற்க வேண்டிய முழுப் பாரத்தையும் மெல்லிய கால்களின் மேல் ஏற்றும் இச்செயலால் எத்தனையோ கால்கள் வளைந்திருக்கின்றன. டயரை எழுப்ப அச்சின் அடியில் தனி ஜாக்கி வைத்தலே முறை.

பழுது நேரும் விதம்

வளைந்த காலைப் பட்டறைக்குக் கொண்டு சென்று நிமிர்த்திக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. எதனால் வளைந்தது என்று காணாவிடில் அது மறுபடியும் வளையும். வளைவின் திசையே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

கால் பின்புறமாக, அதாவது சக்கரத்தை நோக்கி வளைந்திருந்தால், அதனை மேலே தூக்காமலே டிராக்டரை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வரப்பிலோ வேகத்தடையிலோ மோதிய கால் இவ்வாறுதான் மடங்கும். முன்புறமாக வளைந்திருந்தால், கால் தரையில் ஊன்றியிருக்கையில் டிராக்டர் பின்னோக்கி வந்து டிரெய்லரைத் தள்ளியிருக்கலாம். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், சரிவான இடத்தில் நிறுத்தியதோ ஈர மண்ணில் அடித்தகடு ஒருபுறம் புதைந்ததோ காரணமாகும். வளைவே இன்றிக் கால் தானாகச் சிறுகச் சிறுக இறங்கினால் உள்ளேயிருக்கும் மரை தேய்ந்துவிட்டது. எங்கள் ஒன்றியத்தில் ஒரு கிராமத்துக் குடிநீர் டிரெய்லர், மாலையில் நீர் நிரப்பி நிறுத்தியது, விடியற்காலையில் இழுகோல் தரையைத் தொட்டுக் கிடந்தது. கால் ஒடியவில்லை, வளையவுமில்லை. இரவு முழுவதும் ஒருவரும் அறியாமல் இறங்கியிருக்கிறது. அச்சமயம் பள்ளி விடுமுறையாதலால் அவ்விடத்தில் பிள்ளைகள் இல்லை.

அடித்தகடு இல்லாத கால் புதைவதற்கும் கணக்கு உண்டு. 6 சென்டிமீட்டர் சதுரக் குழாயின் நுனி நேரே மண்ணில் ஊன்றினால் அது தொடும் பரப்பு 36 சதுர சென்டிமீட்டரே. 333 கிலோ அதன் மீது அமரும்பொழுது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 9 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அதன் கீழ் 30 சென்டிமீட்டர் சதுரமான கெட்டிப் பலகை ஒன்றை இட்டால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைகிறது. பலகை 5 சென்டிமீட்டர் கனமேனும் இருக்க வேண்டும். மெலிந்த பலகை நடுவில் பிளந்து போகும்.

கை வைப்பதற்கு முன்

சீரமைக்கும் வேலை சுத்தியலில் தொடங்குவதில்லை, கட்டைகளில் தொடங்குகிறது. முதலில் சரக்கை இறக்கிவிட வேண்டும். நீர்த் தொட்டியாயின் வடித்துவிட வேண்டும். டிரெய்லரைக் கெட்டியான சமதரைக்குக் கொண்டு வந்து, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து உருளாமல் தடுக்க வேண்டும். இவையனைத்தும் டிராக்டர் பூட்டியிருக்கும்போதே செய்யப்பட வேண்டியவை.

பின்னர் இழுகோலின் கெட்டியான பகுதிக்கு அடியில் மரக்கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். கருவேலங்கட்டை போன்ற வைரம் பாய்ந்த மரம் இதற்கு ஏற்றது. அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைப் போல் இரு மடங்கை மிஞ்சாதிருப்பது நலம். செங்கல்லை அடுக்குதல் கூடாது. உள்ளீடற்ற சிமெண்டுக் கட்டிகள் அதனினும் ஆபத்தானவை. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். டிராக்டரின் ஹைட்ராலிக் கைகளில் இழுகோலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு அதனடியில் புகுந்து வேலை செய்வது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. ஒரு நெம்புகோலில் கை பட்டாலும், ஒரு எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் அக்கைகள் இறங்கிவிடும். இதனை அடியோடு விட்டொழிக்க வேண்டும்.

கால் முன்னரே மடங்கி இழுகோல் தரையில் கிடந்தால், மெதுவாக பாட்டில் ஜாக்கியால் எழுப்பி, விரற்கடை விரற்கடையாக உயரும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டையைச் செருகிக்கொண்டே வர வேண்டும். ஜாக்கி எழுப்புவதற்கு, நிறுத்தி வைப்பதற்குக் கட்டைதான்.

ஆணிக் காலும் திருகுக் காலும்

நம் பகுதியில் இருவகைக் கால்கள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, குழாய்க்குள் குழாய் செருகி, துளைகளுக்குள் ஆணி பாய்ச்சி உயரத்தை நிறுத்துவது. மற்றொன்று, கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் திருகுத்தண்டு இறங்கியும் ஏறியும் உயரத்தை மாற்றுவது.

ஆணிக் காலில் முதலில் பார்க்க வேண்டியது ஆணியே. அசல் ஆணி தொலைந்தவுடன் கையில் அகப்பட்ட கம்பியைச் செருகுவது நம்மவர் இயல்பு. 16 மில்லிமீட்டர் ஆணிக்கு உரிய துளையில் 12 மில்லிமீட்டர் கம்பியைச் செருகினால், அதன் குறுக்குப் பரப்பு அசலில் 56 விழுக்காடே ஆகும். வலிமை பாதியாயிற்று என்பதோடு, துளைக்குள் கம்பி ஆடி ஆடித் துளையையும் நீள்வட்டமாக்கிவிடும். கட்டுமானக் கம்பியின் துண்டு இதற்கு ஆகவே ஆகாது. துளை நிறையும் பருமனுள்ள ஆணியை வாங்கி, அது வெளியே நழுவாதபடி நுனியில் பிளவாணியும், தொலையாதபடி தலையில் ஒரு சங்கிலியும் பூட்ட வேண்டும். துளை ஏற்கெனவே நீண்டிருந்தால் அதே இடத்தில் பற்றவைத்து அடைத்து மறுபடி துளையிடுவதைக் காட்டிலும், உட்குழாயை மாற்றுவதே மேல்.

குழாய் வளைந்திருந்தால் அதனைக் கழற்றிச் சுத்தம் செய்து, நேரான கோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறிய வளைவு மட்டும் இருந்து, சுவரில் மடிப்போ வெடிப்போ இல்லையேல், அழுத்து இயந்திரத்தில் வைத்து மெதுவாக நிமிர்த்தலாம். குழாயின் ஒரு பக்கம் உட்குழிந்து மடிந்திருந்தால் அதனை நிமிர்த்தி உபயோகிக்கலாகாது. வெற்றுக் குழாயின் வலிமை அதன் வடிவத்தில் உள்ளது. மடிந்த இடம் நிமிர்ந்தாற்போலத் தோன்றினாலும் அடுத்த பளுவில் அதே இடத்திலேயே மடங்கும். உலையில் காய்ச்சி நிமிர்த்திய குழாயைத் தண்ணீரில் தோய்த்துக் குளிர்விப்பதும் தவறு. தானாக ஆற விட வேண்டும்.

திருகுக் காலின் நோய்கள் வேறு. கைப்பிடி சுழல்கிறது, கால் அசையவில்லை என்றால், கைப்பிடித் தண்டையும் பல்சக்கரத்தையும் பிணைக்கும் சிறு ஆணி அறுந்திருக்கலாம். அல்லது பல்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்திருக்கலாம். சிறு ஆணி அறுந்தது நல்லதே என்பேன். அது அறுந்து பல்சக்கரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே அவ்விடத்தில் மிகக் கடினமான ஆணியைப் போட்டு, இனி அறுக்கவே அறுக்காது என்று பெருமை கொள்ளுதல் வேண்டாம். அடுத்த முறை பல்சக்கரம் போய்விடும்.

கைப்பிடி சுழலவே மறுத்தால் துருவும் சேறும் காரணம். நீண்ட குழாயைக் கைப்பிடியில் மாட்டி நெம்புவது கூடாது. சுத்தியலால் அடிப்பதும் கூடாது. மேல் மூடியைக் கழற்றி, துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து விடுவிக்க வேண்டும். விடுபட்ட பின் முழுவதும் பிரித்து, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி உலர்த்திப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு பிரித்திருக்கும் சமயத்தில் மரையின் பற்களை ஊன்றிக் கவனிக்க. நல்ல பல்லின் உச்சி தட்டையாயிருக்கும். தேய்ந்த பல் கத்தி முனை போலக் கூர்த்திருக்கும். திருகுத்தண்டைவிட அதனைச் சூழ்ந்த நட்டு பெரும்பாலும் மென்மையான உலோகத்தால் ஆனது. ஆதலால் தேய்மானம் அதனிடமே முதலில் தெரியும். தேய்ந்த நட்டை மாற்ற வேண்டும்; கடையில் கிடைக்காவிடில் கடைசல் பட்டறையில் தண்டின் மரைக்குப் பொருந்தச் செய்வித்துக்கொள்ளலாம். திருகுத்தண்டு வளைந்திருந்தாலோ, அதனை நிமிர்த்தும் முயற்சியே வேண்டாம். நிமிர்த்திய தண்டு ஒரு சுற்றில் இளகியும் மறு சுற்றில் இறுகியும் ஓடி, புதிய நட்டையும் விரைவில் தின்றுவிடும். திருகுத்தண்டில் பற்றவைப்பு வேலை எதுவும் செய்யலாகாது. இவ்விரண்டும் கெட்டிருந்தால் முழுத் தாங்குகாலையும் புதிதாக மாற்றுவதே சிக்கனம்.

கிரீஸ் இடுவதிலும் ஒரு முறை உண்டு. மணல் ஏற்றும் டிரெய்லரில் பழைய கிரீஸ் மணலோடு கலந்து சாணைப் பசையாகவே மாறியிருக்கும். அதன் மீதே புதிய கிரீஸை அப்பினால் தேய்மானம் தொடரும். பழையதை முற்றும் துடைத்த பிறகே புதியதை இட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், அறுவடை முடிந்தபின் ஒரு முறையும் இதனைச் செய்தால் போதுமானது.

பற்றவைக்கும் வேலை

காலைத் தாங்கும் பிடிப்புத் தகடு இழுகோலுடன் பற்றவைக்கப்பட்டுள்ள இடத்தில்தான் வெடிப்புகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. வண்ணப்பூச்சின் மீது துருநிறக் கோடு ஒன்று மயிரிழை போல ஓடினால் அது வெடிப்பென்றே சந்தேகித்து, பூச்சைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பின் மேலேயே ஒரு கோடு பற்றவைத்து மூடிவிடுவது பட்டறைகளில் நடக்கும் வேலை. அது கண்ணுக்கு மட்டுமே மருந்து. வெடிப்பு முடியும் நுனியில் ஒரு சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, வெடிப்பின் முழு ஆழத்தையும் அரைத்து வாய்க்காலாகத் திறந்து, அதன் பிறகே நிரப்பிப் பற்றவைக்க வேண்டும். அவசியமாயின் மேலே அகலமான தகடு ஒன்றும் சேர்க்கலாம்.

பற்றவைக்கும்பொழுது சில எச்சரிக்கைகள் தேவை. டிராக்டரைப் பிரித்து அப்பால் நிறுத்திவிட வேண்டும். மின்சாரத்தின் பூமிக் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்கு வெகு அருகிலேயே கடிக்க வைக்க வேண்டும். தொலைவில் கடித்தால் மின்னோட்டம் சக்கரத்தின் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பெட்டியின் இடுக்குகளில் வைக்கோல் தங்கியிருந்தால் பொறி பட்டுத் தீப்பிடிக்கும். பெருக்கிவிட்டு ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயாயின் அப்பூச்சை அரைத்து நீக்கிய பின்னரே பற்றவைக்க வேண்டும். அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளிக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் காண்பதுண்டு.

சோதித்துப் பார்த்தல்

சீரமைத்த காலை உடனே முழுப் பாரத்தில் நிறுத்திவிடலாகாது. கட்டை அடுக்கை எடுத்துவிடாமல், இழுகோலுக்கும் அடுக்குக்கும் இடையே இரண்டு விரற்கடை வெளி மட்டும் விட்டுக் காலில் நிறுத்த வேண்டும். முதலில் வெறும் டிரெய்லர். பின்னர் அரைப் பாரம். பின்னர் முழுப் பாரம். முழுப் பாரத்தில் நிறுத்தியவுடன் உட்குழாய் வெளிக்குழாய்க்குள் நுழையும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடிட்டு, ஓர் இரவு விட்டு, காலையில் பார்க்க வேண்டும். கோடு மறைந்திருந்தால் கால் இறங்கியிருக்கிறது, வேலை சரியில்லை. கட்டை அடுக்கு இருப்பதால் தீங்கொன்றும் நேர்ந்திராது. மேலே கூறிய குடிநீர் டிரெய்லருக்கு நட்டு மாற்றிய பின் இச்சோதனையே செய்யப்பட்டது.

பஞ்சாயத்து டிரெய்லர்கள்

தனியாரின் டிரெய்லருக்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாயத்து டிரெய்லரோ இன்று ஒருவர் கையிலும் நாளை மற்றொருவர் கையிலும் இருப்பது. ஆகவே கால் எப்பொழுது வளைந்தது என்பதே எவருக்கும் தெரிவதில்லை. வாகனப் பதிவேட்டில் ஓடிய தூரத்தையும் டீசலையும் எழுதுவது போலவே, வாரம் ஒரு முறை தாங்குகாலையும் ஆணியையும் பார்த்ததாக ஒரு வரி எழுதி ஓட்டுநர் கையொப்பமிடுவது நன்று. பழுது பார்க்கப் பட்டறைக்கு அனுப்பினால், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெற்று இருப்புப் பதிவேட்டில் காட்டிய பின்னரே செலவுச் சீட்டை ஏற்க வேண்டும். பழைய நட்டைக் கையில் எடுத்துப் பற்களைப் பார்த்தால், மாற்ற வேண்டியது அவசியமாயிருந்ததா என்பதை எந்த அங்கத்தினரும் தாமே அறியலாம். பட்டறைக்காரருக்கும் அது தெரியும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் பதிவுக்கு உட்பட்டதாகும். பதிவுச் சான்றில் கண்ட எடைக்கு மேல் ஏற்றிவிட்டுத் தாங்குகாலைப் பழிப்பதில் நியாயம் இல்லை. புதிய கால் வாங்குகையில் அதன் மீது பொறித்திருக்கும் தாங்கு பளுவைப் பார்த்து, முன்னே காட்டிய கணக்கின்படி தம் டிரெய்லருக்கு வரக்கூடிய மிகுதியான பளுவைப் போல் இரு மடங்கேனும் தாங்குவதாகத் தெரிந்தெடுக்க வேண்டும்.

காலைத் தூக்காமல் ஓட்டிவிடும் தவறுக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. காலின் அடிப்பகுதிக்குச் செம்மஞ்சள் வண்ணம் பூசிவிட்டால், இருக்கையில் அமர்ந்து திரும்பிப் பார்க்கும் ஓட்டுநர் கண்ணுக்கு அது இறங்கியிருப்பது பளிச்செனத் தெரியும். பலகையையும் சக்கரக் கட்டைகளையும் டிரெய்லரின் பக்கத்திலேயே ஒரு கொக்கியில் மாட்டி வைக்கலாம். களத்தில் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.